கரகர சத்தத்துக்கு 8,400 ரூபாய்: ஹோம் தியேட்டர் வச்சிருக்கவங்க படிங்க

வீட்டுக்கே மெக்கானிக் அனுப்புற ஆப்ல ஹோம் தியேட்டர் ரிப்பேருக்கு புக் பண்ணப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க. எனக்கு 8,400 ரூபாய் போயிருக்கு. நேத்து ராத்திரிதான் முழு விஷயமும் தெரிஞ்சுது, இன்னும் கோபம் அடங்கல. கரகர சத்தம் வந்தா முதல்ல என்னென்ன பார்க்கணும்னு கடைசில சொல்றேன்.

எங்க வீடு திருவான்மியூர்ல, கடற்கரைக்குப் பக்கம். ஆம்ப் (ஸ்பீக்கர்களுக்கு சத்தத்தைக் கூட்டி அனுப்புற பெட்டி) 2018-ல வாங்கினது, 5.1 செட். அதாவது அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்; வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். கொஞ்ச நாளா படம் பார்க்கும்போது வசனம் வர்ற இடத்துல மட்டும் கரகரன்னு ஒரு சத்தம். பாட்டு, சண்டைன்னா அவ்வளவா தெரியாது. யாராவது மெதுவா பேசுற சீன் வந்தா காதுகிட்ட எண்ணெய்ல கடுகு பொரியுற மாதிரி கேட்கும். அப்பாவுக்கு ஏற்கெனவே காது கொஞ்சம் மந்தம். வசனமே புரியலன்னு டிவி பக்கம் வர்றதையே விட்டுட்டாரு. அதனாலதான் அவசரமா ஆள் கூப்பிட்டோம்.

வந்தவர் சின்னப் பையன். செருப்பை வெளிய விட்டுட்டு, "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச படம் ஒண்ணு போடுங்க, கேட்டுப் பார்க்கலாம்"னு எங்கப்பாகிட்டயே கேட்டாரு. அப்பா முகம் மலர்ந்துடுச்சு. நடு ஸ்பீக்கர்கிட்ட மண்டி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டாரு. "சார், ஸ்பீக்கர் நல்லாருக்கு. ஆம்ப்ல அவுட்புட் போர்டு போயிட்டிருக்கு. இப்பவே மாத்தலன்னா ஸ்பீக்கரையும் சேர்த்து எரிச்சிடும்"னாரு. வயசானவர்கிட்ட அவ்வளவு அன்பாப் பேசினவர். அவரை நம்பித்தான் ஆம்பைக் கழட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. ஒரு போர்டு, நடுவுல கருகின தடம். "பாருங்க சார், நல்லவேளை கொடுத்தீங்க." போர்டுக்கு 7,500, ஸ்பேர் கடையோட கியூஆர் கோடுக்கு அனுப்பச் சொன்னாரு. வேலைக்கூலி 900 ஆப்லயே கட்டினேன். மொத்தம் 8,400.

ஆம்ப் திரும்பி வந்துச்சு. மாட்டினோம். அதே வசனம், அதே கரகரப்பு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வயித்தெரிச்சல். போன் பண்ணினா, "போர்டு புதுசு சார், செட் ஆக ரெண்டு நாள் ஆகும்." ரெண்டு நாள் கழிச்சு, "அப்போ உங்க ஸ்பீக்கர்தான் சார் போச்சு, நான் அன்னைக்கே சொன்னேனே." அன்னைக்குச் சொன்னது ஸ்பீக்கர் நல்லாருக்குன்னு! அப்புறம் போனே எடுக்கல. ஆப்ல சாட் பண்ணினா, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஸ்பேர் பணம் எங்க வழியா வரல, அது உங்களுக்கும் டெக்னீஷியனுக்கும் நடுவுலன்னாங்க. அவங்க அனுப்பின ஆள், அவங்க சட்டை போட்டுட்டு வந்த ஆள்! சரி, 900-ஆவது குடுங்கன்னா, வேலை முடிஞ்சதா பதிவாகியிருக்கு, புகார் மூடப்பட்டதுன்னு மெசேஜ். திரும்பத் திறக்க வழியே இல்ல.

நேத்து சாயங்காலம் தெரிஞ்சவர் ஒருத்தர் வந்தாரு. சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுல ரொம்ப வருஷம் ஆம்ப் வேலை பார்த்த பெரியவர். அவர் முதல்ல ஆம்பைத் திறக்கவே இல்ல. ஆம்ப் பின்னாடி நடு ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டி, இடது ஸ்பீக்கர் மாட்டுற இடத்துல மாட்டினாரு. கரகரப்பு அப்பவும் நடு ஸ்பீக்கர்லயே வந்துச்சு. "ஆம்ப் மேல தப்பில்ல தம்பி. ஆம்ப்ல கோளாறுன்னா இப்ப இந்த ஸ்பீக்கர் சுத்தமாப் பாடணும்"னாரு. அப்புறம் ஸ்பீக்கர் பின்னாடி ஒயரை லேசா அசைச்சாரு. கரகரன்னு கத்துச்சு. ஒயரை உருவினா செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்து, தொட்டா தூளா உதிருது. கடல் காத்து. ஒரு அங்குலம் வெட்டி எறிஞ்சுட்டு, புதுசா சீவி, முறுக்கி மாட்டினாரு. சத்தம் நின்னுடுச்சு. அப்பா ஒரு படம் முழுக்கப் பார்த்தாரு.

புது போர்டைக் காட்டுங்கன்னு கேட்டேன். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, மூடியைத் திறந்தாரு. உள்ள எல்லா போர்டு மேலயும் ஒரே தூசி, ஒரே கனம். 'புது' போர்டுல இருந்த ஐசி (சிப்) மேல 1724-ன்னு அச்சு. 2017-ம் வருஷம் 24-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தமாம். அந்தப் பையன் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பல. வாட்ஸ்அப் போட்டோவைக் காட்டினேன். "இது இந்த மாடலே இல்ல தம்பி"ன்னாரு. 8,400 ரூபாய், தூசி தட்டக்கூட ஆகல.

விளக்கமா எழுத உட்கார்ந்தேன், மனசு ஓடல. இதை மட்டுமாவது செய்ங்க. டிவியோட சொந்த ஸ்பீக்கர்ல போட்டுப் பாருங்க, அதுலயும் கரகரப்பு வந்தா ஆம்ப் மேல சந்தேகமே வேண்டாம். ஆம்பை ஆஃப் பண்ணிட்டு, அது பின்னாடி ஒயரை வேற ஸ்பீக்கர் மாட்டுற இடத்துல மாத்தி மாட்டிப் பாருங்க; கரகரப்பு அதே ஸ்பீக்கர்லயே வந்தா கோளாறு ஸ்பீக்கர்லயோ ஒயர்லயோதான். ஒயர் நுனி பச்சையா இருந்தா வெட்டுங்க. ஆம்பைக் கண்ணுக்கு மறைவா எடுத்துட்டுப் போக விடாதீங்க. மாத்தின பழைய போர்டைக் கையில கேளுங்க, பில் இல்லாம ஸ்பேருக்குக் காசு குடுக்காதீங்க.

இன்னைக்குக் காலைல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்துட்டேன். நுகர்வோர் ஆணையத்துல, நாம கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணம் கிடையாது, அங்கயும் போவேன். போட்டோ, சாட், கியூஆர் ரசீது எல்லாம் பத்திரமா இருக்கு. 8,400 ரூபாய் வர்ற வரைக்கும் விடப் போறதில்ல.