பாளையில சண்டே வேர்ல்டு ஹிஸ்டரி கிளாஸ், சேரலாமா?

குரூப் 1, யுபிஎஸ்சி படிக்கிற பயலுவ நிறைய பேரு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எழுதுதேன். முருகன்குறிச்சி பக்கம் ஒரு மாடியில நடக்கு, பேரு வேண்டாம், விசாரிச்சா சொல்லுவாவ.

சார் நடத்துதது கைடு மாதிரி இல்ல. ஆப்பிரிக்காவுல கானான்னா நமக்கு சுதந்திரம் வாங்கித் தந்த தலைவரு நிக்ரூமா, சுதந்திர நாள் 1957 மார்ச் 6, அடுத்த கேள்வி. சார் நிக்ரூமாவ எதிர்த்தவங்கள்ட்ட இருந்து ஆரம்பிச்சாவ. டான்குவான்னு ஒரு தலைவரு, அவரு ஆளுங்க 1947ல யுஜிசிசின்னு கட்சி ஆரம்பிச்சு, வெளிநாட்டுல இருந்த நிக்ரூமாவ வரவச்சு செயலாளர் ஆக்குனதே அவங்கதான், 1949ல அவரு பிரிஞ்சு போயி சிபிபின்னு தனிக்கட்சி தொடங்கி சுயாட்சி இப்பவே வேணும்னு நின்னதும் கூட்டம் பூரா அங்க போயிட்டு.

கோகோ பகுதிதான் செம. 1954ல நிக்ரூமா அரசாங்கம் விவசாயிக்கு 60 பவுண்டு எடையுள்ள கோகோ மூட்டைக்கு 72 ஷில்லிங்னு கட்டிப்போட்டுட்டு, உலக மார்க்கெட்ல கிடைக்கிற மிச்சத்த வளர்ச்சிக்குன்னு எடுத்துக்கிடுச்சு. களக்காட்டுல இருந்து வார பையன் ஒருத்தன், வாழைக்காரன், "வெலைய அவனே வச்சா வெட்டுன எங்களுக்கு என்ன சார்"னு கேட்டான், கிளாஸே சிரிச்சிட்டு. அந்தக் கோவத்துலதான் அசாந்தி பகுதியில இருக்க குமாசி ஊருல என்எல்எம்னு எதிர்க்கட்சி வந்துது, கொடியிலயே கோகோ மரம், கூட்டாட்சி இல்லாம சுதந்திரம் வேண்டாம்னு நின்னாங்க. 1956 எலெக்சன்ல மொத்தத்துல சிபிபி ஜெயிச்சும் அசாந்தியில இவங்களுக்குத்தான் சீட்டு அதிகம்.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1958ல, விசாரணையே இல்லாம 5 வருசம் உள்ள வைக்கிற சட்டத்த நிக்ரூமா அரசாங்கம் கொண்டாந்துது. நாட்டுக்கு கானான்னு பேரு வைக்கணும்னு முன்னாடியே சொன்ன டான்குவா, 1965ல அந்த நாட்டு ஜெயில்லயே செத்துப்போனாரு. வ.உ.சி. கைதுக்கு 1908ல கொந்தளிச்ச ஊருக்காரங்க நாம, ஜெயில்ல போடுதவன் வெள்ளக்காரன்னே படிச்சுப் பழகிட்டோம்லா, அன்னைக்கு கிளாஸ்ல ஒருத்தரும் பேசல.

ஒரு குறை, எதிர்த்தவங்க மேல சாருக்கு பாசம் கூடிப்போச்சு. குமாசியில என்எல்எம் ஆளுகளும் அடிதடி, குண்டுன்னு இறங்குனாங்க, அசாந்தி பாரம்பரியத் தலைவருங்க தங்க அதிகாரத்தக் காப்பாத்துறதும் அதுல கலந்து இருந்துது, அத ரெண்டே நிமிசத்துல ஓட்டிட்டாவ. நோட்ஸ் ஜெராக்ஸ் பாதி கருப்படிச்சிருக்கு. மெயின்ஸ் எழுதுறவங்க சேருங்க. ப்ரிலிம்ஸ்க்கு மட்டும்னா காசு தண்டம். வண்டி விட இடம் கிடையாது, சமாதானபுரத்துல இருந்து நடந்தே வந்துருங்க.