என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்: சொந்த ஸ்கிரிப்டா, ஆன்சிபிளா, கேடியா?

ஒரு சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்து நாலைந்து இணையதளங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் பழைய கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) நகலெடுத்து, டொமைனையும் போர்ட்டையும் மாற்றி, சிம்லிங்க் (கோப்புக்கான குறுக்கு இணைப்பு) போட்டு, புதிய கான்ஃபிக்கைப் படிக்கும்படி என்ஜின்எக்ஸை ரீலோட் செய்கிறோம். இந்த வேலையை ஒரே கட்டளையில் அடக்க மூன்று வழிகள் இருக்கின்றன. கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சொந்தமாக எழுதலாம், சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவியான ஆன்சிபிளைப் பிடிக்கலாம், இல்லையென்றால் என்ஜின்எக்ஸையே விட்டுவிட்டு கேடி என்ற இன்னொரு வெப் சர்வருக்கு மாறலாம். முதல் முறை ஓட்டும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே சர்வரில் இரண்டாம் முறை ஓட்டினால்தான் வித்தியாசம் தெரியும்.

பாஷுக்குக் கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் அவசரத்தில் எழுதுகிற ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ‘>>’ போட்டுக் கோப்பின் அடியில் ஒட்டிக்கொண்டே போகும். மறுபடி ஓட்டினால் அதே சர்வர் பிளாக் (ஒரு தளத்துக்கான கான்ஃபிக் பகுதி) இரண்டாகிவிடும். கான்ஃபிக்கைச் சரிபார்க்கும் ‘என்ஜின்எக்ஸ் -டி’ சோதனை இதைப் பிழை என்று நிறுத்தாது. பெயர் மோதுகிறது என ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு ‘ஓகே’ சொல்லும். அதனால் தளத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்து, ஒவ்வொரு முறையும் அதை முழுசாக மேலெழுதுவதே நல்லது.

அதைவிடப் பெரிய தொல்லை டாலர் குறி. பாஷும் என்ஜின்எக்ஸும் மாறிகளுக்கு அதே குறியைத்தான் பயன்படுத்துகின்றன. ஹியர்-டாக்கில் (ஸ்கிரிப்டுக்குள்ளேயே பல வரி உரையை வைக்கும் முறையில்), கேட்ட கோப்பைக் கொடு, இல்லையென்றால் முகப்பைக் கொடு என்பதற்காக ‘ட்ரை_ஃபைல்ஸ் $யுஆர்ஐ $யுஆர்ஐ/ /இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ என்று எழுதினால், பாஷ் அந்த $யுஆர்ஐ-யைத் தன்னுடைய மாறி என்று நினைத்து வெறுமையாக்கிவிடும். மிஞ்சுவது ‘ட்ரை_ஃபைல்ஸ் / /இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’. இலக்கணப்படி இது சரியான வரி, சோதனையும் தேறிவிடும். ஆனால் அப்புறம் படம் கேட்டாலும் சிஎஸ்எஸ் கேட்டாலும் முகப்புப் பக்கமே வந்து நிற்கும். ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -யு’ இருந்தால், இல்லாத மாறி என்று பாஷ் அங்கேயே நின்றுவிடும். டெம்ப்ளேட்டை (மாதிரிக் கான்ஃபிக்கை) தனிக் கோப்பில் வைத்து, எந்தெந்த மாறிகளை மாற்ற வேண்டும் என்று மாறிகளை நிரப்பும் ‘என்வ்சப்ஸ்ட்’ கருவிக்குப் பட்டியல் கொடுப்பது இன்னும் நல்லது. பட்டியல் கொடுக்காவிட்டால் அதுவும் எல்லா டாலரையும் விழுங்கிவிடும்.

ஆன்சிபிளில் இந்தத் தலைவலி கிடையாது. அதன் ஜின்ஜா டெம்ப்ளேட் மொழி மாறிகளுக்கு இரட்டை அடைப்புக்குறியைப் பயன்படுத்துவதால் டாலர் அப்படியே தப்பிவிடுகிறது. கோப்பில் உண்மையிலேயே மாற்றம் இருந்தால்தான் எழுதும், அப்போதுதான் ரீலோடும் செய்யும். சர்வரில் ஏஜென்ட் என்ற தனி உதவி மென்பொருள் எதுவும் வேண்டாம், தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்எச்சும், கூடவே பைத்தானும் போதும். ‘--செக் --டிஃப்’ கொடுத்தால் என்ன மாறப் போகிறது என்று முன்கூட்டியே காட்டும். இதையே பாஷில் எழுத உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. டெம்ப்ளேட்டை எழுதிய பிறகு வேறொரு டாஸ்க் (வேலைப்படி) தோற்றால், கடைசியில் ஓடி ரீலோட் செய்ய வேண்டிய ஹேண்ட்லர் ஓடாது. அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டும்போது கோப்பில் மாற்றமில்லை என்பதால் ரீலோட் விட்டுப்போகும். புதிய கான்ஃபிக் டிஸ்க்கில் இருக்கும், ஓடுவதோ பழையது.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழ் விஷயத்தில் பாஷ், ஆன்சிபிள் இரண்டுமே ஒரே இடத்தில் இடறுகின்றன. சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட் கருவியின் என்ஜின்எக்ஸ் பிளகின் உங்கள் கான்ஃபிக் கோப்புக்குள்ளேயே எஸ்எஸ்எல் வரிகளைச் செருகிவைக்கும். அடுத்த முறை நீங்கள் மேலெழுதினால் அவை போய்விடும், எச்டிடிபிஎஸ்ஸும் கூடவே போய்விடும். ‘செர்ட்ஒன்லி’ முறையில் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு, எஸ்எஸ்எல் வரிகளை டெம்ப்ளேட்டிலேயே எழுதிவைப்பதுதான் வழி.

கேடியில் இந்தப் பேச்சே இல்லை. டொமைன் பெயர் ஒரு வரி, வரும் கோரிக்கையை உள்ளே ஓடும் செயலிக்கு அனுப்ப ‘ரிவர்ஸ்_ப்ராக்ஸி லோக்கல்ஹோஸ்ட்:3000’ ஒரு வரி, அவ்வளவுதான். டொமைனின் டிஎன்எஸ் பதிவு இந்தச் சர்வரைச் சரியாகக் காட்டி, 80, 443 போர்ட்டுகள் திறந்திருந்தால் சான்றிதழை அதுவே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும்.

என் கணக்கில் புதிய சர்வர் என்றால் கேடிதான். ஸ்கிரிப்டுக்கே அங்கே வேலை குறைவு. ஏற்கெனவே என்ஜின்எக்ஸ் ஓடுகிறது, சர்வரும் ஒன்றுதான் என்றால் பாஷ் போதும். சர்வர் இரண்டைத் தாண்டினாலோ, இன்னொருவரும் கை வைக்கிறார் என்றாலோ ஆன்சிபிளுக்குப் போய்விடுவேன். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ரீரைட் (முகவரியை மாற்றியனுப்பும்) விதிகள் உள்ள தளத்தை மட்டும் கேடிக்கு மாற்றத் துணிய மாட்டேன். அந்த விதிகளை அது அப்படியே படிக்காது, ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதிச் சோதிக்க வேண்டிவரும்.