அறை வெப்பநிலையில் வாயுவை உணர எந்த கிராபீன்?

காற்றிலுள்ள வாயுக்களை உணரும் எம்க்யூ-135 சென்சார் கொஞ்ச நேரம் ஓடினாலே கையைச் சுடும். உள்ளிருக்கும் டின் ஆக்சைடு 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதன் ஹீட்டருக்கு மட்டும் ஏறக்குறைய 800 மில்லிவாட் போகிறது. பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு இது கட்டுப்படியாகாது.

கிராபீனுக்கு இந்தச் சூடு வேண்டாம். அது கார்பன் அணுக்களால் ஆன தாள், ஒற்றை அணுத் தடிமன், அதனால் எல்லா அணுவும் மேற்பரப்பில்தான். காற்றில் வைத்த கிராபீனில் நைட்ரஜன் டை ஆக்சைடு ஒட்டினால் எலக்ட்ரானைப் பிடுங்கும், மின்தடை இறங்கும். அம்மோனியா எலக்ட்ரானைக் கொடுக்கும், மின்தடை ஏறும். 2007-இல் மான்செஸ்டர் குழு ஒற்றை மூலக்கூறு ஒட்டுவதைக்கூடக் கண்டு காட்டியது. ஆனால் ஒட்டிய வாயுவை விரட்ட வெற்றிடத்தில் 150 டிகிரி சூடோ, புறஊதா ஒளியோ தேவைப்பட்டது. பிடிப்பது எளிது, விடுவதுதான் பாடு. எந்த வகை கிராபீன் என்று தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

செம்புத் தகட்டின் மேல் மீத்தேனைக் கொண்டு சுமார் 1000 டிகிரியில் வளர்க்கும் கிராபீன் பார்க்க அழகு, மின்சைகையில் இரைச்சலும் குறைவு. ஆனால் உலையும், பாலிமர் பூசி கிராபீன் தாளைச் செம்பிலிருந்து பெயர்த்து மாற்றும் பொறுமையும் வேண்டும். சுத்தமான தாளில் வாயு பிடித்துக்கொள்ள இடம் குறைவு என்பது இன்னொரு சிக்கல். மேலே ஒட்டியிருந்த பாலிமர் எச்சத்தைச் சுத்தமாக நீக்கியதும் உணர்திறன் வெகுவாகச் சரிந்தது என்று 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதுவரை அழுக்கு என்று நினைத்ததுதான் வாயுவைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது!

ஒடுக்கப்பட்ட கிராபீன் ஆக்சைடு இதற்கு நேர் எதிர். ஹம்மர்ஸ் முறையில் கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றி, பிறகு வைட்டமின் சி போன்ற ஒன்றால் ஒடுக்கி (அதாவது ஆக்சிஜனில் பெரும்பகுதியை நீக்கி), சீப்புப் பற்கள்போல் கோத்த மின்முனைகளின் மேல் சொட்டு விட்டு உலர்த்தினால் சென்சார் தயார். (கந்தக அமிலத்தில் பெர்மாங்கனேட்டைப் போடும்போது பனிக்கட்டித் தொட்டியும் நிதானமும் கட்டாயம். அவசரப்பட்டால் வெடிக்கும்.) தாளின் அணு அமைப்பில் குறைகளும், மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தொகுதிகளும் நிறைய இருப்பதால் வாயுவை நன்றாகப் பிடிக்கும். அதே காரணத்தால் லேசில் விடாது, காற்றின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். ஒரு முறை செய்த கரைசல்போல் மறுமுறை வராது.

பாலிஇமைடு என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் தாளில் லேசரால் எழுதும் கிராபீன், 2014-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் வந்தது. அமிலமும் உலையும் இல்லை, வளைக்கவும் முடியும். ஆனால் எந்த வாயு என்று பிரித்தறிய மேலே வேறொரு பூச்சு போட்டாக வேண்டும்.

சின்ன ஆய்வகத்தில் அம்மோனியா பார்ப்பதாக இருந்தால் நான் ஒடுக்கப்பட்ட ஆக்சைடையே எடுப்பேன், அதில் துத்தநாக ஆக்சைடு துகள் கொஞ்சம் சேர்த்து. அப்புறம் பக்கத்தில் ஒரு புறஊதா எல்இடி. அளவு எடுத்ததும் சிறிது நேரம் எரியவிட்டு, மின்தடை பழைய இடத்துக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்வேன். அந்தச் சோதனையை வறண்ட காற்றில் ஒரு முறை, ஈரக் காற்றில் ஒரு முறை.