இறக்குமதி கிடாரிகள்: தனிமைக் கொட்டகையில் கட்டிப்போடுவதா, அவிழ்த்து விடுவதா?

கடல் தாண்டி வந்த கிடாரிகளை, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசுக்களை, மந்தையோடு சேர்ப்பதற்கு முன் தனியாக வைத்திருக்கும் காலம் பெரும்பாலும் 30 நாள். அந்த நாட்களை ஓட்ட இரண்டு வழி இருக்கிறது: கட்டுத்தறியில் வரிசையாகக் கட்டிப்போடலாம், இல்லை வைக்கோல் பரப்பிய அடைப்புகளில் சிறு சிறு கூட்டமாக அவிழ்த்து விடலாம். நான் முதல் முறை கட்டினேன், அடுத்த முறை அவிழ்த்து விட்டேன். இனி கட்டுவதாக இல்லை.

தனி ஆள், தனிச் செருப்பு, வாசலில் கால் நனைக்கும் மருந்துத் தொட்டி, தனி ஆள் இல்லையென்றால் சொந்த மாடுகளின் வேலையை முடித்துவிட்டுத்தான் புது மாடுகளிடம் போவது, இதெல்லாம் இரண்டு முறைக்கும் ஒன்றுதான். தீவனமும் அப்படியே. முதல் சில நாள் நல்ல உலர்புல்லும் தண்ணீரும் போதும். பயணத்தில் வயிறு காய்ந்து வந்த மாட்டுக்கு எடுத்த எடுப்பில் அடர்தீவனத்தைக் கொட்டினால் இரைப்பை புளித்துவிடும்.

கட்டுத்தறிக்கு உள்ள நன்மையை மறைக்கப் போவதில்லை. காலையில் வெப்பமானியை எடுத்துக்கொண்டு வரிசையின் பின்னால் நடந்தால் பன்னிரண்டு கிடாரிகளையும் அரை மணியில் பார்த்துவிடலாம். எது தின்றது, எது மீதி வைத்தது, எதன் சாணம் இளகியிருக்கிறது, எதன் மூத்திரம் சிவந்திருக்கிறது, எல்லாம் அந்தந்த மாட்டின் காலடியிலேயே தெரியும். மருத்துவர் ரத்தம் எடுக்க வந்தாலும் சிரமமில்லை. கண்காணிப்புதான் முக்கியம் என்று நினைத்து நானும் அதனால்தான் கட்டினேன்.

ஆனால் அந்தக் கிடாரிகள் பிறந்ததிலிருந்து கொட்டகைக்குள் அவிழ்ந்தே திரிந்தவை, கயிறு என்றால் என்னவென்றே தெரியாதவை. முதல் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிடாரி முன்னங்காலை மடக்கும், பாதி இறங்கும், கயிறு கழுத்தில் இறுகியதும் விதிர்த்து எழுந்துவிடும். மறுபடி மடக்கும், மறுபடி எழும். விடியும்வரை அது படுக்கவே இல்லை. மூன்றாம் நாள்தான் ஒழுங்காகப் படுத்து அசைபோட்டது, அதற்குள் பின்னங்கால் கணுக்கள் வீங்கிவிட்டன.

படுப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். நலமாக இருக்கும் மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்கும், அசைபோடுவதில் பெரும்பகுதியும் அப்போதுதான் நடக்கும். நெடும்பயணத்தில் நின்றே வந்த மாட்டுக்கு அந்த ஓய்வு கடனாகச் சேர்ந்திருக்கிறது. பயணக் காய்ச்சல் என்று சொல்கிறோமே, அந்த நுரையீரல் அழற்சிக்குக் காரணமான மான்ஹைமியா கிருமி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நல்ல மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருப்பதுதான் அது. உடல் அலுத்து எதிர்ப்பு குறைந்ததும் பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது. வந்த முதல் இரண்டு வாரம் இதற்குத்தான் பயப்பட வேண்டும். என்னுடைய முதல் தொகுதியில் ஆறாம் நாள் இரண்டுக்குக் காய்ச்சல் 40 டிகிரியைத் தாண்டியது. கட்டியதால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்தத் தொகுதி வந்த தூரமும் அதிகம். ஆனாலும் இரண்டும் படுக்கத் திணறியவைதான்.

அடுத்த தொகுதியை ஆறு ஆறாகப் பிரித்து அடைப்புகளில் விட்டேன். படுக்கும் இடம் மட்டும் தலைக்கு 6 சதுர மீட்டர். தண்ணீர் குடித்து, கொஞ்சம் புல் கடித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாகச் சரிந்து படுத்தன. சில கழுத்தை விலாப் பக்கம் மடித்துத் தூங்கியே போய்விட்டன. அதைப் பார்த்தபோதுதான் எனக்கே மூச்சு வந்தது.

இதில் உழைப்பு முழுக்கப் படுக்கையில்தான். தினமும் மேலே புது வைக்கோல் போட வேண்டும், ஈரம் ஏறிய இடத்தில் இரண்டு பங்கு. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: படுக்கையில் அரை நிமிடம் மண்டியிட்டுப் பார்ப்பேன், முழங்கால் நனைந்தால் வைக்கோல் போதவில்லை. அப்புறம் அப்படியே குனிந்து, மாட்டின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சிழுப்பேன். நிற்கும்போது தெரியாத அமோனியா நெடி அங்கே கண்ணைக் கரிக்கும். அந்த நெடி நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டால், அவிழ்த்து விட்டதன் பலனே போய்விடும்.

வேலை அதிகமாகத் தெரிந்தாலும் இன்னொரு பக்கம் மிச்சம். கட்டுத்தறியைத் தினமும் கழுவுகிறோம், அந்தச் சாணித் தண்ணீரைத் தனிமைக் காலம் முடியும்வரை வாய்க்காலிலோ வயலிலோ விட முடியாது, தொட்டியில் பிடித்து வைக்க வேண்டும். எனக்கு இரண்டாம் வாரமே தொட்டி நிரம்பிவிட்டது. வைக்கோல் படுக்கையில் சாணமும் மூத்திரமும் அதற்குள்ளேயே தங்கிவிடுகின்றன, கடைசி நாள்வரை வாசலைத் தாண்டி எதுவும் போவதில்லை.

காய்ச்சல் பார்க்க என்ன செய்வது என்றால், தீவனத் தொட்டியின் ஓரமாக, தலையை நீட்டியதும் பூட்டிக்கொள்ளும் கம்பிச் சட்டம் போட்டேன். தின்னும் நேரத்தில் பூட்டி, பார்த்து முடித்ததும் விடுவித்துவிடலாம். அதைவிடப் பெரிய உதவி மாடே செய்கிறது. புதுப் புல் போட்டதும் எல்லாம் எழுந்து வர, ஒன்று மட்டும் மூலையில் காதைத் தொங்கவிட்டு நின்றால் வெப்பமானியை முதலில் எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வரிசையில் கட்டியிருந்தால் நோய் கண்டதும் காணாததும் ஒரே மாதிரிதான் நிற்கும்.

குறைகளும் உண்டு. சாதுவான கிடாரியை மற்றவை தொட்டியிலிருந்து முட்டித் தள்ளும். உருவத்தில் ஒத்தவற்றைச் சேர்த்து, அடைப்புக்கு இரண்டு தண்ணீர்த் தொட்டி வைத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. கடும் வெயில் காலத்தில் கனத்த வைக்கோல் படுக்கை அடியில் மக்கிச் சூடேறும். குளிர் நாட்டு மாடு நிமிடத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் படுக்கையை மெல்லியதாக்கித் தினமும் அள்ள வேண்டியதுதான், அப்போது நான் சொன்ன மிச்சம் பாதி குறையும். இது எல்லாம் சினைக் கிடாரிகளை வைத்துச் சொல்வது. காளைகளை இப்படி வைத்து எனக்குப் பழக்கமில்லை.

கட்டுத்தறி மட்டுமே இருக்கிறது என்றால், முதல் வாரமாவது மாடு தலையைத் தரையில் வைத்துப் படுக்கும் அளவுக்குக் கயிற்றை நீளமாக விடுங்கள், கழுத்தில் போடாமல் முகக்கயிறாகப் போடுங்கள், காலடியில் வெறும் சிமெண்ட் தெரியாதபடி ரப்பர் விரிப்பும் அதன் மேல் வைக்கோலும் போடுங்கள். ராத்திரி ஒரு தடவை எழுந்து போய், எத்தனை படுத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.