டெர்மினலில் நிறமும் கர்சரும்: எஸ்கேப் குறியீடா, டிபுட்டா, என்கர்சஸா?

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில், பிழைச் செய்தியைச் சிவப்பில் காட்ட வேண்டும், கர்சரை நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. எஸ்கேப் குறியீட்டை நாமே எழுதலாம், டிபுட் கட்டளையிடம் கேட்டு வாங்கலாம், என்கர்சஸ் என்ற நிரல் நூலகத்திடம் திரையை ஒப்படைத்துவிடலாம்.

நேரடிக் குறியீட்டில் மர்மம் ஒன்றும் இல்லை. 27 என்ற எண் கொண்ட எஸ்கேப் எழுத்து, அடுத்து ஒரு சதுர அடைப்புக்குறி, அப்புறம் எண்கள், கடைசியில் செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஓர் எழுத்து. 31 போட்டுச் சின்ன 'எம்'மில் முடித்தால் சிவப்பு. 0 போட்டால் எல்லாம் பழையபடி. 5;10 போட்டுப் பெரிய 'ஹெச்'சில் முடித்தால் கர்சர் 5ஆவது வரியின் 10ஆவது இடத்துக்குப் போகும். 1978இல் வந்த விடி100 டெர்மினல் பரப்பிய இந்த முறையைத்தான் இன்றைய டெர்மினல் செயலிகள் ஏறக்குறைய எல்லாமே பின்பற்றுகின்றன. விண்டோஸ் கன்சோலும் விண்டோஸ் 10 காலத்தில் சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் நிலைபெறாத காலத்தின் பிரச்சினைக்குத் தீர்வாக வந்ததுதான் டிபுட்டின் அணுகுமுறை. அப்போது ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனித்தனிக் குறியீடுகள். அதனால் டிபுட், டெர்மினலின் பெயரைச் சொல்லும் 'டெர்ம்' என்ற சூழல் மாறியைப் பார்த்து, டெர்ம்இன்ஃபோ தரவுத்தளத்தில் தேடி, அந்த டெர்மினலுக்கு உரியதை எடுத்துத் தரும். அந்தத் தேவை இன்று பெருமளவு போய்விட்டது, தொல்லைகள் மட்டும் இருக்கின்றன. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதிய புராசஸ் (தனியாக ஓடும் நிரல்); லூப்புக்குள் வைத்தால் மந்தம் கண்ணுக்கே தெரியும். (ஆரம்பத்திலேயே வாங்கி மாறியில் போட்டு வைத்தால் சரி.) கர்சர் இடத்தையும் அது 0இலிருந்து எண்ணும், மேலே சொன்ன இடத்துக்கு 4, 9 என்று கொடுக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) வழியாகப் போன கணினியில் நம் டெர்மினலுக்கான பதிவு இல்லையென்றால் கைவிரித்துவிடும்.

ஆனால் ஒரு இடத்தில் டிபுட் ஜெயிக்கிறது. நிறமே தெரியாத 'டம்ப்' டெர்மினலில் அது நிறம் கேட்டால் எதையும் அனுப்பாது. நேரடிக் குறியீடோ குப்பை எழுத்துகளைக் கொட்டும். இதை வைத்து, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினாலும் டிபுட் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். இரண்டுமே கோப்புக்குள் குறியீட்டை எழுதிவிடும். வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று நாம்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

ஆகவே நிறத்துக்கு என் ஓட்டு நேரடிக் குறியீட்டுக்கு. ஒற்றை வரி முன்னேற்றப் பட்டைக்கும் அதுவே போதும்: வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி, மிச்சத்தை அழித்து, மறுபடி எழுதினால் ஆயிற்று.

பல பகுதிகளாகத் திரையைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டுமென்றால் கதையே வேறு. என்கர்சஸ் திரையின் நகலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்பில் இந்த அருமை புரியும். சாளரத்தின் அளவு மாறினால் அதையும் ஒரு விசை அழுத்தம்போல நமக்குச் சொல்லும். பதிலுக்கு முழுத்திரையையும் கேட்கும்; நடுவில் சாதாரணமாக எதையாவது அச்சிட்டால் காட்சி குலைந்துவிடும்.

'கொ' போன்ற எழுத்து திரையில் எத்தனை கட்டங்களை அடைக்கும் என்பதில் நிரலும் டெர்மினலும் வேறுபட்டால் கர்சர் தள்ளி நிற்கும். அந்த வியாதிக்கு மூன்றிலும் மருந்து இல்லை.

எதைத் தேர்ந்தாலும் வெளியேறும் வழியை முதலில் எழுதிவிடுங்கள். என்கர்சஸில் திரையைப் பழையபடி ஆக்கும் 'எண்ட்வின்' அழைக்காமல் நிரல் செத்தால், தட்டுவது திரையில் தெரியாத டெர்மினல் மிஞ்சலாம். கண்ணை மூடிக்கொண்டு 'ரீசெட்' என்று தட்டி என்டர் அழுத்த வேண்டியதுதான். ஷெல் ஸ்கிரிப்ட்டில் கர்சரை மறைத்தால், கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் அது திரும்பி வரும்படி ஒரு 'டிராப்' (ஸ்கிரிப்ட் நிறுத்தப்படும்போது ஓடும் கட்டளை) வைத்துவிடுங்கள்.