‘வித் பிளேஸ்மென்ட்’ போட்ட எம்எஸ்சி எக்கனாமிக்ஸ்: பிரிட்டனுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

நம்மிடையே பிளேஸ்மென்ட் என்றால் கம்பெனி கல்லூரிக்கே வந்து ஆள் எடுப்பது. பிரிட்டனில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. படிப்பின் ஒரு பகுதியாகச் சில மாதம் முதல் ஓராண்டு வரை ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அந்த வேலையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் மாணவரின் பொறுப்பு. பல்கலைக்கழகம் தருவது தேடுவதற்கான அனுமதியும் கொஞ்சம் பயிற்சியும் மட்டுமே. ‘இடம் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது’ என்ற வரி விதிமுறைகளில் எங்காவது இருக்கும். ஏஜென்ட் அதை வாசித்துக் காட்டுவதில்லை. எக்கனாமிக்ஸ் முதுகலையில் ஏமாந்து நிற்பவர்கள் பலர் இந்த ஒரு சொல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும். மைக்ரோ, மேக்ரோ, புள்ளியியலால் பொருளாதாரத்தை அளக்கும் எக்கனாமெட்ரிக்ஸ் மூன்றும் முதல் பருவத்திலேயே ஒன்றாக வந்து அமுக்கும். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடையில் தொடங்கும் இடங்களுக்கு விண்ணப்பம் வாங்குவதும் அதே செப்டம்பர் முதல் டிசம்பர் வரைதான். அப்போது மாணவரின் கையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் ஒன்றுகூட இருக்காது. அந்த இடங்களில் பலவும் இளங்கலையில் இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் இருப்பவர்களுக்கென்று வகுக்கப்பட்டவை. முதுகலை மாணவர் முதல் படிவத்திலேயே வடிகட்டப்படுகிறார். அரசுத் துறைகளை நாடினால் வேறொரு சுவர். பாதுகாப்புச் சரிபார்ப்பு தேவைப்படும் பணிகளுக்கு, சரிபார்ப்பின் நிலையைப் பொறுத்து, பொதுவாக 3 அல்லது 5 ஆண்டாவது பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும்.

ஜனவரித் தேர்வு முடிவு வரும்போது இன்னொரு கதவு மூடும். பல படிப்புகளில் பிளேஸ்மென்ட்டுக்குப் போக முதல் பருவத்தில் குறிப்பிட்ட சராசரி வேண்டும், எந்தத் தாளிலும் தோற்றிருக்கக் கூடாது. பி.காம் படித்துவிட்டு நேராக எக்கனாமெட்ரிக்ஸில் குதிப்பவர்கள் விழுவது இங்கேதான். பல்கலைக்கழகம் வைத்த கெடு முடிந்ததும், இடம் கிடைக்காதவரைப் பிளேஸ்மென்ட் இல்லாத ஓராண்டுப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்த மாற்றத்தின் விளைவைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படிப்பு சுருங்கியதைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அதன்பேரில் விசாவும் சுருக்கப்படலாம். மாணவர் விசாவுக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் 2024 பிப்ரவரியிலிருந்து ஆண்டுக்கு 776 பவுண்டு. 24 மாதப் படிப்புக்குப் பொதுவாக 29 மாத விசா, அதற்கு 1,940 பவுண்டு. 12 மாதப் படிப்புக்கு 17 மாதம், 1,164 பவுண்டு. விசா சுருங்கினால் அந்த 776 பவுண்டு வித்தியாசம் திரும்பி வராது. வீட்டு வாடகை ஒப்பந்தமும் கல்விக் கடன் தவணையும் இரண்டாண்டுக் கணக்கில் போட்டவை என்றால் அடி இன்னும் பெரிது. ‘இப்போது ஓராண்டில் சேருங்கள், பிறகு பிளேஸ்மென்ட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்’ என்பதும் இலவசமல்ல. புதிய சிஏஎஸ் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்று), புதிய விசா விண்ணப்பம், மறுபடியும் கட்டணம்.

படித்து முடித்தபின் வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசாவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. 2025 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தவர் 2026 முடிவதற்குள் விண்ணப்பித்தால் 2 ஆண்டு. அவரோடு சேர்ந்து, பிளேஸ்மென்ட் எடுத்துப் படிப்பை நீட்டியவருக்கு 18 மாதம். ஓராண்டு அனுபவத்துக்கு அது தகுமா என்று ஒவ்வொருவரும் தன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பார்வையில், பொருளாதாரப் பகுப்பாய்வு வேலை உண்மையிலேயே கிடைத்தால் தகும், ஏதோ ஓர் அலுவலகத்தில் எக்செல் தாளை நிரப்பும் வேலைக்குத் தகாது.

ஏஜென்ட்டும் விளம்பரமும் காட்டும் பிளேஸ்மென்ட் வெற்றிச் சதவீதத்தை எக்கனாமிக்ஸ் படிக்கப் போகிறவர் நம்பி ஏமாறுவது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சூட்சுமம் முழுக்க வகுக்கும் எண்ணில்தான் இருக்கிறது. ஓர் உதாரணம்: 40 பேர் பிளேஸ்மென்ட் பிரிவில் சேர்கிறார்கள். 14 பேர் சராசரி எட்டவில்லை, 16 பேர் சோர்ந்து தேடுவதை விட்டுவிடுகிறார்கள். மிச்சம் 10 பேரில் 8 பேருக்கு இடம் கிடைக்கிறது. விளம்பரத்தில் ‘80 சதவீத வெற்றி’. சேர்ந்தவர்களை வைத்து வகுத்தால் 20. ஆகவே சதவீதம் கேட்காதீர்கள். இந்தப் படிப்பின் இந்தப் பிரிவில், கடந்த 3 ஆண்டுகளில், ஆண்டுவாரியாகச் சேர்ந்தவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை, அவர்களில் வெளிநாட்டு மாணவர் எத்தனை, எந்தப் பதவிப் பெயரில், சம்பளத்தோடா? இதைச் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பிசினஸ் ஸ்கூல் முழுவதற்கும் சேர்த்த எண்ணைத் தந்தால் அது பதில் ஆகாது. மார்க்கெட்டிங், அக்கவுண்டிங் மாணவர்களின் எண்ணிக்கை அதில் கலந்திருக்கும்.

சம்பளம் பற்றியும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் உயர்கல்விப் படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டுக்கு மேற்படாமல் வேலை பார்க்கும் மாணவருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. முழுநேரம் உழைத்துவிட்டுப் பயணப்படி மட்டும் வாங்கிக்கொண்டு வருவது அங்கே சட்டப்படியே நடக்கும்.

இடம் கிடைக்காமல் பதறும் மாணவர்களைச் சுற்றி ஒரு தனி வியாபாரம் நடக்கிறது. ‘பிளேஸ்மென்ட் வாங்கித் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்பார்கள். பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகமைச் சட்டப்படி, வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது, சில விலக்குகள் தவிர, குற்றம். அதைத் தாண்டத்தான் ‘பயிற்சிக் கட்டணம்’, ‘ரெஸ்யூமே கட்டணம்’ என்று பெயரை மாற்றுகிறார்கள். இவர்கள் தருவது பெரும்பாலும் வீட்டிலிருந்தபடி செய்யும் போலி ‘புராஜெக்ட்’. பல்கலைக்கழகம் அதை ஏற்காது. விசா விதியும் ஏற்காது. பிளேஸ்மென்ட் என்பது படிப்போடு பிணைந்ததாக, மதிப்பீடு செய்யப்படுவதாக, படிப்பின் மொத்தக் காலத்தில் பாதியைத் தாண்டாததாக இருக்க வேண்டும். விசா விதிகளை ஒழுங்காகப் பின்பற்றிய பதிவு இல்லாத கல்வி நிறுவனம் என்றால் மூன்றில் ஒரு பங்குதான். பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வருமுன் முழுநேரம் வேலைக்குப் போய்விட்டால் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பை மீறியதாகிவிடும். கோடையில் டிசர்டேஷன் (ஆய்வுக் கட்டுரை) எழுதும் மாதங்கள் முதுகலை மாணவருக்கு விடுமுறை அல்ல, அப்போதும் அதே 20 மணிதான். சுயதொழிலாகக் கணக்குக் காட்டும் எந்த ஏற்பாட்டுக்கும் மாணவர் விசா இடம் தராது.

இன்னொரு பொறி டிசர்டேஷன். பிரிட்டிஷ் எம்எஸ்சி பொதுவாக 180 கிரெடிட், அதில் 60 வரை டிசர்டேஷனுக்குப் போகும். சில படிப்புகளில் குறுகிய பிளேஸ்மென்ட்டும் அதைப் பற்றிய அறிக்கையும் டிசர்டேஷனுக்குப் பதிலாக வந்துவிடும். பிஎச்டி எண்ணம் உள்ளவர் இதை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆய்வுக் கட்டுரை இல்லாத எக்கனாமிக்ஸ் முதுகலை பிஎச்டி விண்ணப்பத்தில் பலவீனமாகத் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் போவதென்றால், வேலை தேடுதல் விமானம் ஏறுமுன்பே தொடங்க வேண்டும். ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் ஒன்றில் கை ஓட வேண்டும், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் இலவசத் தரவை எடுத்து ஐந்து பக்கத்தில் ஒரு மாதிரிப் பகுப்பாய்வு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் இல்லாத அந்த முதல் மூன்று மாதங்களில் காட்ட அதுதான் இருக்கும். பெரிய பெயர்களோடு நின்றுவிடாமல் விலை நிர்ணயம், தேவை முன்கணிப்பு, எரிசக்திச் சந்தை, போக்குவரத்துத் திட்ட ஆலோசனை செய்யும் சிறிய நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். அவர்கள் ஜனவரிக்குப் பிறகும் ஆள் எடுப்பதுண்டு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. சேர்ந்த ஆண்டின் படிப்புப் பக்கம், ஆஃபர் லெட்டர், ஏஜென்ட்டின் செய்திகள் எல்லாவற்றையும் தேதியோடு சேமியுங்கள், அந்தப் பக்கங்கள் ஆண்டுதோறும் மாறும். பல்கலைக்கழகத்தின் உள் புகார் நடைமுறையை முடித்து, நடைமுறை நிறைவுக் கடிதத்தை வாங்குங்கள். அதன்பின் 12 மாதத்துக்குள் உயர்கல்விக்கான சுதந்திர நடுவர் அலுவலகமான ஓஐஏ-விடம் போகலாம், மாணவருக்குக் கட்டணம் இல்லை. அதன் வரம்பு இங்கிலாந்தும் வேல்ஸும். ஸ்காட்லாந்தில் பொதுச்சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். மதிப்பெண் குறைத்துப் போட்டார்கள் என்று எழுதினால் கல்வி சார்ந்த தீர்ப்பில் ஓஐஏ தலையிடாது. ‘படிப்புப் பக்கம் இன்னது சொன்னது, எனக்குக் கிடைத்தது இன்னது’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.