வெர்ப் சார்ட்டும் ‘கோ’வும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆங்கில வினைகளின் மூன்று வடிவங்களை வி1, வி2, வி3 என்று மூன்று பத்தியில் போட்ட வெர்ப் சார்ட் எங்கள் வீட்டுச் சுவரில் பல வருடங்களாக இருக்கிறது. ஆபீஸ் போனில் ஆங்கிலம் பேச நான் பழகியது அதைப் பார்த்துத்தான். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதை வைத்தே சொல்லித் தருகிறேன். அதிலுள்ள ‘கோ, வென்ட், கான்’ என்ற ஒரு வரியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மனப்பாடத்துக்கு சார்ட் நன்றாகவே உதவுகிறது. ‘கோ’வுக்கு ‘வென்ட்’ எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘ஸ்பெண்ட்’டுக்கு ‘ஸ்பென்ட்’ வருகிற மாதிரி, ‘வெண்ட்’ என்ற பழைய வினைக்கு வந்த இறந்தகாலம் அது. சுமார் 15ஆம் நூற்றாண்டில் அது ‘கோ’வோடு சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னபின் யாரும் ‘கோ’வோடு ‘ed’ சேர்த்து ‘கோட்’ என்று எழுதுவதில்லை.

எதை எங்கே போடுவது என்று சார்ட் சொல்லாது. அங்கே கைகொடுப்பது நம் ‘போ’தான். ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதும் பிள்ளையிடம் ‘போனேன்’ என்பதற்கு எதிர்மறை கேளுங்கள். ‘போகவில்லை’ என்று வரும். ‘போனேன்’இல் இருந்த இறந்தகால ‘ன்’ அங்கே இல்லை. ஆங்கிலத்திலும் இறந்தகாலத்தை ‘டிட்’ வாங்கிக்கொண்டது. ‘கோ’ வெறும் ‘கோ’வாகவே நிற்கும். ‘இட் இஸ் கோயிங் டு ரெய்ன்’ இன்னும் சுலபம். மழை பெய்யப் போகிறது என்றுதானே நாமும் சொல்கிறோம்?

தமிழ் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. ‘சார் பெங்களூரு போயிருக்கார்’ என்றால், இப்போது அங்கே இருக்கிறார் என்றும் கொள்ளலாம், முன்பு எப்போதோ போய்வந்தவர் என்றும் கொள்ளலாம். சூழலை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான் டு’, போய்த் திரும்பியவர் என்றால் ‘ஹேஸ் பீன் டு’. பக்கத்து சீட்டுத் தோழி ஒருமுறை வெளியூர் வாடிக்கையாளரிடம் ‘சார் ஹேஸ் கான் டு பெங்களூரு’ என்றார். சாரோ முந்தின நாளே திரும்பி, உள்ளே உட்கார்ந்திருந்தார். ஆள் ஊரில் இல்லை என்று நினைத்து வாடிக்கையாளர் போனை வைத்துவிட்டார். இந்த ‘பீன்’ சார்ட்டில் ‘பி’ என்ற வினையின் வரியில்தான் இருக்கிறது. ‘கோ’வைத் தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. அதனால் ‘கான்’ பக்கத்தில் ‘பீன்’ என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். சார்ட் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, ‘யெஸ்டர்டே’ வந்தால் ‘ஹேவ் கான்’ வேண்டாம், ‘வென்ட்’ மட்டும்.

‘ஹேட் கான்’ பேச்சில் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. நான் ஸ்டாப்புக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டிருந்தது என்கிற மாதிரி, இரண்டு பழைய சம்பவங்களில் எது முந்தியது என்று காட்டும்போது வரும். ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் அதையும் பழகிக்கொள்ளலாம். மற்றவர்கள் முதலில் ‘கான்’, ‘பீன்’ இரண்டையும் சரிசெய்துகொண்டால் போதும்.